‘கலைந்து சென்றனர்’ என்ற வரிக்குப் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், ஊர்ப் பெயர் மட்டும் மாறி, ஒரே செய்தி ஆண்டுக்குப் பல முறை வருகிறது. அனுமதியின்றி ஆற்று மணல் ஏற்றிச் சென்ற லாரியை ஊர் மக்கள் சிறைபிடித்தனர் என்று அது தொடங்கும். போலீசாரும் வருவாய்த் துறையினரும் பேச்சுவார்த்தை நடத்தி, நடவடிக்கை எடுப்பதாக உறுதி அளித்ததை அடுத்து மக்கள் கலைந்து சென்றனர் என்று முடியும். அப்படிக் கலைந்து சென்றவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். அந்தக் கடைசி வரிக்குப் பிறகு ஊரில் என்ன நடக்கிறது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் தாமிரபரணிக் கரையில், ஆறு தூத்துக்குடி மாவட்டத்துக்குள் நுழைந்து கடலை நோக்கிப் போகும் பகுதியில், வாழையும் நெல்லும் பயிரிடுகிறவன். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு, தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே முடிகிறது. காவிரிக்கும் பாலாற்றுக்கும் சொல்வதைப் போல, மேலே இன்னொரு மாநிலம் தண்ணீரைத் தடுத்துவிட்டது என்று சொல்ல இங்கே வழியில்லை. இந்த ஆற்றுக்கு நேரும் நன்மையும் தீமையும் நம் கையால் நேர்பவைதாம். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் வழியாக இது 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிறது. எங்கள் மாவட்டத்தில் மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் என்ற நான்கு கால்வாய்களை நம்பித்தான் ஆற்றுப் பாசனமே இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாநகரங்களும், கோவில்பட்டி போன்ற கரிசல் பகுதி ஊர்களும், மாவட்ட எல்லை தாண்டி விருதுநகர், அருப்புக்கோட்டை வரையுள்ள மக்களும் குடிப்பது இந்த ஆற்று நீரைத்தான். அந்த நீரில் பெரும்பகுதி, ஆற்று மணலுக்குள் இறக்கப்பட்டிருக்கும் உறைகிணறுகளில் ஊறி வருவது.

ஊறி வருவது என்று சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. கோடையில் ஆற்றின் மேலே கணுக்கால் அளவு நீர் ஓடும்போதும், மணலுக்கு அடியில் இன்னோர் ஆறு ஓடிக்கொண்டிருக்கும். சிறு வயதில் நாங்கள் கையாலேயே மணலைப் பறித்து ஊற்று எடுத்து, கலங்கல் தெளியும் வரை காத்திருந்து குடித்திருக்கிறோம். மணல் இருக்கும் வரை வெள்ள நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, வெயில் காலம் முழுவதும் சிறுகச் சிறுகக் கொடுக்கும். அதை அள்ளிவிட்டால் மிஞ்சுவது களிமண்ணும் பாறையும். அவற்றின் மேல் விழும் நீர் நிற்காமல் கடலுக்குப் போய்விடும். அணைக்கட்டை ஒட்டிய இடங்களில் நீர்மட்டத்தை அணை ஓரளவு தாங்கிக்கொள்கிறது. இரண்டு அணைக்கட்டுகளுக்கு இடையே இருக்கும் ஊர்களுக்கு அந்தத் தாங்கல் கிடையாது. ஆற்றின் தரை இறங்கினால், கரையோரத் தோட்டத்துக் கிணற்றில் நீர்மட்டமும் உடன் இறங்குகிறது. உறைகிணற்றின் உறைகள் வெளியே தெரியத் தொடங்குகின்றன. பொக்லைன் தோண்டிய இடம் ஆழமான கசமாகிவிடுகிறது. அடுத்த முறை ஆற்றில் தண்ணீர் வரும்போது, நேற்று வரை முழங்கால் ஆழம் இருந்த துறையில் இறங்கும் பிள்ளைக்கு அது தெரியாது. கரையை ஒட்டி அள்ளினால், பட்டா நிலத்தின் ஓரம் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு வாழை வரிசை அளவுக்குச் சரிகிறது. கடலுக்குப் பக்கத்தில் இன்னொரு கேடும் உண்டு. ஆற்றின் தரை தாழத் தாழ, கடல் நீர் உள்ளே ஏறும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அந்தக் கொடிக்கால்களுக்கு வேண்டியது நல்ல தண்ணீர். உப்பேறிய கிணற்றை வைத்துக்கொண்டு குறியீட்டுச் சான்றிதழை என்ன செய்வது?

இதையெல்லாம் தடுக்கச் சட்டம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் 2003-இல் சேர்க்கப்பட்ட 38-ஏ விதி, ஆற்று மணல் எடுக்கும் உரிமை அரசுக்கு மட்டுமே உண்டு என்று சொல்கிறது. 5 ஹெக்டேருக்கும் குறைந்த சிறு கனிமக் குவாரியாக இருந்தாலும் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும் என்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அந்த அனுமதி இல்லாமல் நாட்டின் எந்த ஆற்றிலும் மணல் அள்ளக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஆகஸ்டில் உத்தரவிட்டது. பாலத்துக்கும் குடிநீர்த் திட்டக் கிணற்றுக்கும் 500 மீட்டர் சுற்றளவுக்குள் மணல் எடுக்க முடியாது. மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ட்ரோன் அளவீடு, கண்காணிப்புக் கேமரா, எடைமேடை வரை எல்லாவற்றையும் சொல்கின்றன.

ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஆற்றங்கரையில் இயந்திரச் சத்தம் கேட்டு, நாலு பேர் டார்ச் லைட்டோடு போய் விசாரித்தால், கிடைக்கும் முதல் பதில் “பர்மிட் இருக்கு” என்பதுதான். அது பொய்யா மெய்யா என்று அந்த இடத்தில் நின்று கண்டுபிடிக்க ஊர்க்காரனுக்கு எந்த வழியும் இல்லை. ஏனென்றால் பல நேரங்களில் ஏதோ ஓர் அனுமதி உண்மையிலேயே இருக்கும். ஆற்றை ஒட்டிய பட்டா நிலத்தில் சவுடு மண் எடுக்கவோ, குளத்தில் வண்டல் அள்ளவோ, எம்-சாண்ட் எனப்படும், கல்லை உடைத்துச் செய்யும் மணலை இருப்பு வைக்கவோ வாங்கிய அனுமதியாக அது இருக்கும். அந்தத் தாளை முன்னே காட்டிவிட்டு, பின்னால் ஆற்று மணலை அள்ளுவார்கள். கல்லிடைக்குறிச்சி அருகே பொட்டல் கிராமத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எம்-சாண்டுக்கென அனுமதி பெற்ற இடத்தை வைத்து ஆற்று மணலை எடுத்துக் கடத்தியதாக வழக்குப் பதிவாகி, 9 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டு, விசாரணை சிபிசிஐடிக்குப் போய், 2022 பிப்ரவரியில் கைதுகளும் நடந்தன. அனுமதி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அந்த ஒரு வழக்கே போதும்.

எங்கள் ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு பங்குனி மாதத்தில், கரையோரப் பட்டா நிலம் ஒன்றின் வழியாகப் பல இரவுகள் தொடர்ந்து டிப்பர்கள் போய்வந்தன. கேட்டபோது, சவுடுக்கு அனுமதி என்றார்கள். விடிந்ததும் போய்ப் பார்த்தால், அந்த நிலத்தில் ஒரு கூடை மண்கூட எடுத்த தடயம் இல்லை. சக்கரத் தடம் நேரே ஆற்றுக்குள் இறங்கியிருந்தது. நாங்கள் பதினொரு பேர் கையெழுத்திட்டு, நாள்வாரியாக வண்டிகளின் எண்ணிக்கையையும் குறித்து, ஓர் அலுவலகத்தில் காலையில் மனு கொடுத்தோம். அன்று பொழுது அடைவதற்குள் இரண்டு பேர் பைக்கில் ஊருக்கு வந்தார்கள். முதல் கையெழுத்துப் போட்டிருந்தவர், ஒற்றை மாட்டை வைத்துப் பிழைக்கும் வயதான அம்மா. அவர் வீட்டு வாசலில் நின்று எங்கள் பதினொரு பேரின் பெயரையும், நாங்கள் கையெழுத்திட்ட வரிசையிலேயே, ஒன்று பிசகாமல் சொன்னார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மூன்று பேர் தங்கள் பெயரை நீக்கிவிடும்படி என்னிடம் வந்து கேட்டார்கள். அவர்களைக் கோழைகள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். வீட்டில் பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் அவர்கள். அந்த அலுவலகத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மனுவின் நகல் வெளியே போவதற்கு எந்த அலுவலகத்திலும் தடை இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஊர்க்காரனுக்கு மட்டும்தான் இந்த நிலை என்று எண்ணிவிட வேண்டாம். 2018 மே மாதம் நாங்குநேரி வட்டாரத்தில், நம்பியாற்று மணல் கடத்தலைத் தடுக்கப் போன தனிப்பிரிவுக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். 2023 ஏப்ரல் 25 அன்று, முறப்பநாடு அருகே கோவில்பத்து கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், பட்டப்பகலில், மக்களின் மனுக்களை வாங்கும் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மணல் கடத்தல் பற்றி அவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தார். வழக்கு விரைவாக நடந்து, அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குடும்பத்துக்கு அரசு 1 கோடி ரூபாய் நிதி அறிவித்தது. அந்த விரைவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவர் புகார் கொடுத்த நாளிலேயே அந்த விரைவில் ஒரு பங்கு இருந்திருந்தால், அவர் இன்றும் ஏதோ ஒரு கிராமத்தில் அடங்கல் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார்.

அவர் ஏன் தனியாக நிற்க நேர்ந்தது என்பதைச் சட்டத்தைப் படித்த பிறகுதான் நான் புரிந்துகொண்டேன். 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம், அனுமதியின்றிக் கனிமம் எடுப்பவருக்கு 5 ஆண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 22-ஆவது பிரிவு, அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்து மூலம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அரசு நிலத்து மணலை அள்ளுவது திருட்டுக் குற்றமும் ஆகும், அதற்குக் காவல் துறை தனியே வழக்குப் பதியலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது உண்மைதான். ஆனாலும் களத்தில் முதல் தகவலை எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலர்தான். ஆகவே கடத்துகிறவனின் கணக்கு எளிதாகிவிடுகிறது. ஒரு கிராமத்தில் ஒரே ஒரு கையை நிறுத்திவிட்டால் போதும், வழக்கே இல்லை. அந்தக் கை பணத்துக்கு மசியாவிட்டால் மிரட்டலாம். மிரட்டலுக்கும் மசியாவிட்டால் என்ன நடக்கும் என்பதை முறப்பநாட்டில் பார்த்துவிட்டோம்.

மக்கள் எதிர்ப்பால் ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு, இதே ஆற்றின் வரலாற்றைத்தான் நான் எடுத்துக்காட்ட வேண்டும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த மூத்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு, தாமிரபரணியில் மணல் அள்ளுவதைத் தடுக்கக் கோரி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், தாமே நின்று வாதாடினார். அப்போது அவர் எண்பது வயதைத் தாண்டியவர். நீதிமன்றம் 2010 டிசம்பர் 2 அன்று இந்த ஆற்றில் ஐந்து ஆண்டுகளுக்கு மணல் எடுக்கத் தடை விதித்தது. அந்தத் தடைக்குப் பின்னால் கரையோர ஊர்களின் பல ஆண்டுப் போராட்டம் இருந்தது. தடையோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2015-இல் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தூர்வாரும் பணி, அதற்காகப் பல காலம் போராடிய பிறகு தொடங்கியபோது, தூர்வாருவதன் பெயரில் மணல் போகிறதா என்று விவசாயிகள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. தேவையான வேலை நடக்கும்போதுகூட நிம்மதியாக இருக்க முடியாத நிலைக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

மணல் இல்லாமல் வீடு எப்படிக் கட்டுவது என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. நானும் வீடு கட்டியவன்தான். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி மணலுக்கு என்ன பாடுபட வேண்டும் என்பதை அறிவேன். மாட்டுவண்டித் தொழிலாளிகளையும் நான் எதிரியாகப் பார்க்கவில்லை. ஒரு மாட்டுவண்டிக்காரர் நாள் முழுக்க மண்வெட்டியால் அள்ளுவதை, பொக்லைன் சில நிமிடங்களில் வாரிப்போட்டுவிடுகிறது. பிடிபட்டுச் செய்தியில் வருவதோ பெரும்பாலும் மாட்டுவண்டியும் டிராக்டரும்தான். எம்-சாண்டுக்கென அரசு 2023-இல் கொள்கை வகுத்திருக்கிறது. அது தரமாகவும் நியாயமான விலையிலும் கிடைத்தால், ஆற்று மணலுக்கான நெருக்கடி குறையும். அளவோடும் அளவீட்டோடும் அரசு எடுக்கும் மணலுக்கு எங்கள் ஊர் எதிர்ப்புத் தெரிவிக்காது.

அளவீடு என்ற சொல்லைச் சும்மா போடவில்லை. தமிழ்நாட்டின் பிற ஆறுகளில் இருந்த அரசு மணல் குவாரிகள் பற்றி, ஐஐடி கான்பூர் வல்லுநர்களின் ஆய்வை வைத்து அமலாக்கத் துறை 2024-இல் ஒரு கணக்கைச் சொன்னது. எடுக்கப்பட்ட மணலின் மதிப்பு சுமார் 4,730 கோடி ரூபாய், அரசுக்கு வந்ததாகக் காட்டப்பட்ட வருவாய் 36.45 கோடி ரூபாய் என்பது அந்தக் கணக்கு. அந்தத் துறை ஒப்பந்தக்காரர்கள் மீது எடுத்த நடவடிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் ரத்து செய்துவிட்டது. நான் அந்த வழக்கின் சரி தவறுக்குள் போகவில்லை. எவ்வளவு பரப்பில், எத்தனை அடி ஆழத்துக்கு, எத்தனை யூனிட் என்ற மூன்று எண்களையும் குவாரியின் வாசலில் எழுதி வைத்திருந்தால், இந்தச் சண்டைக்கு டெல்லியிலிருந்தும் கான்பூரிலிருந்தும் ஆள் வர வேண்டியிருந்திருக்காது என்று மட்டும் தோன்றுகிறது.

எங்கள் கோரிக்கையும் அதுதான். அனுமதியை ஊருக்குக் காட்டுங்கள்; புகார் கொடுத்தவரின் பெயரை யாருக்கும் காட்டாதீர்கள். இப்போது இரண்டும் தலைகீழாக நடக்கின்றன.

முதலாவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் அதன் 2009-ஆம் ஆண்டுத் திருத்தமும், சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர் அதன் நகலை ஊராட்சிக்குக் கொடுக்க வேண்டும், ஊராட்சி அதை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கின்றன. எங்கள் ஊராட்சி அலுவலகப் பலகையில் அப்படி ஒரு தாளை நான் இன்றுவரை கண்டதில்லை. ஆற்றங்கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் சவுடு, வண்டல், கிராவல், எம்-சாண்ட் இருப்பு என எதற்கு அனுமதி தந்தாலும், புல எண், பரப்பு, ஆழம், மொத்த அளவு, தொடங்கும் நாள், முடியும் நாள், அனுமதிக்கப்பட்ட நேரம் ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, லாரி இறங்கும் பாதையிலேயே பலகை வைக்க வேண்டும். பலகை இல்லாத இடத்தில் ஓடும் இயந்திரம் அனுமதி இல்லாத இயந்திரம் என்று ஊர் மக்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று மாவட்ட நிர்வாகம் அறிவிக்க வேண்டும். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ஐ ஒட்டிக் கிராம சபை கூடும் வழக்கம் இருக்கிறது. மரம் நடுவது, குளம் காப்பது பற்றி அங்கே உறுதிமொழி எடுக்கிறோம். அதே கூட்டத்தில், அந்த ஊராட்சி எல்லைக்குள் நடப்பில் உள்ள எல்லாக் கனிம அனுமதிகளையும், அந்த ஆண்டு லாரிகளுக்கு வழங்கிய நடைச்சீட்டுகளின் எண்ணிக்கையையும் வாசிக்கட்டும்.

இரண்டாவதுக்கு மனம் இருந்தால் போதும். மணல் புகார்களை மட்டுமாவது, கையெழுத்துப் பக்கத்தைத் தனியே பிரித்து முத்திரையிட்டு, மாவட்ட ஆட்சியர் நிலையில் ஒருவர் மட்டும் பார்க்கும்படி செய்யலாம். விசாரணைக்குக் கீழே அனுப்பும்போது இடமும் நேரமும் போனால் போதும். பெயர் போக வேண்டியதில்லை. நீதிமன்றத்துக்கான எழுத்துப் புகாரைக் கிராம நிர்வாக அலுவலரின் தோளில் மட்டும் ஏற்றாமல், வருவாய், கனிமவளம், நீர்வளம் ஆகிய மூன்று துறையினரும் கூட்டாகக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். ஒருவரை மிரட்டுவது எளிது, மூன்று துறைகளை ஒன்றாக மிரட்டுவது அவ்வளவு எளிதில்லை. மிரட்டப்பட்டவர்களுக்கு, 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கேட்கலாம் என்பதைக் காவல் நிலையமே சொல்ல வேண்டும். எங்கள் பதினொரு பேரில் ஒருவருக்கும் அப்போது அது தெரியாது.

இந்தக் கடிதம் உங்கள் அலுவலகத்துக்கு வரும்போது, என் பெயரும் முழு முகவரியும் தொலைபேசி எண்ணும் தனித் தாளில் உடன் இருக்கும். நான் எழுதியவற்றைச் சரிபார்க்க எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். அச்சில் மட்டும் என் பெயரையும் ஊரையும் தவிர்த்துவிடுமாறு வேண்டிக்கொள்கிறேன். அந்த அம்மா இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார். மாலையில் வாசலில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரை விவசாயி ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.